நிறுவ அனுமதியில்லாத பாடசாலைக் கணினியில் பைதனும் நம்பையும் ஓடுமா?

நீங்கள் கேட்டிருப்பதைச் சுருக்கினால் இதுதான்: மூதூர்ப் பக்கத்துப் பாடசாலை ஒன்றின் கணினி ஆய்வுகூடத்தில் 20 கணினிகள் இருக்கின்றன. எல்லாம் 4 ஜிபி ராம், விண்டோஸ் 10. நிர்வாகிக் கடவுச்சொல் உங்களிடம் இல்லை, இணையம் ஒரே ரவுட்டரில் வருகிறது. உயர்தர மாணவர்களைக் கொண்டு திருகோணமலையின் 30 வருட நாளாந்த மழைத் தரவைப் பைதனில் ஆராய்விக்க வேண்டும். எதையும் இன்ஸ்டால் பண்ணாமல், உலாவிக்குள்ளேயே எண் அணிகளுக்கான நம்பை, அட்டவணைத் தரவுக்கான பாண்டாஸ், வரைபுக்கான மெட்பிளாட்லிப் என்ற பைதன் நூலகங்கள் (ஆயத்த நிரல் தொகுப்புகள்) ஓடுமா? ஓடும், அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் நீங்கள் கேட்காத இரண்டு கேள்விகள் இதற்குள் இருக்கின்றன. இருபது பேரும் ஒன்றாகத் திறக்கும்போது அந்தக் கோப்புகள் எங்கிருந்து வரும்? மாணவர் செய்த வேலை எங்கே போய்த் தங்கும்? பாடவேளை வீணாவது பெரும்பாலும் இந்த இரண்டில்தான், ஆகவே பதிலின் பெரும்பகுதி அவற்றைப் பற்றியே இருக்கும்.

முதலில் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்திருந்தால் பிழைகளைக் கண்டுபிடிப்பது சுலபம். பைதன் மொழியின் இயக்கி சி மொழியில் எழுதப்பட்டது. அதை எம்ஸ்கிரிப்டன் என்ற கம்பைலரால் (நிரலை வேறு வடிவத்துக்கு மாற்றும் கருவி) வெப் அசெம்பிளி என்ற, உலாவிக்குள் ஓடக்கூடிய வடிவத்துக்கு மாற்றியிருக்கிறார்கள். வெப் அசெம்பிளி 2017இல் பெரிய உலாவிகள் நான்கிலும் வந்துவிட்டது, 2019 டிசம்பரில் இணையத் தரமாகவும் ஆனது. இதன் மேல் 2018இல் மொசில்லாவில் மைக்கேல் டிரோட்பூம் தொடங்கியதுதான் பயோடைட், அதாவது உலாவிக்குள் ஓடும் பைதன். நம்பை, ஸைபை, பாண்டாஸ், மெட்பிளாட்லிப், ஸ்கைகிட்லேர்ன், ஸிம்பை ஆகிய நூலகங்கள் எல்லாம் அதற்கென்று ஏற்கெனவே மாற்றப்பட்டுக் கிடைக்கின்றன. பயோடைட்டுக்கு மேல் ஜுபிட்டர் நோட்புக் (உரையும் நிரலும் விடையும் ஒரே தாளில் இருக்கும் கருவி) முகப்பைப் போர்த்தினால் அது ஜுபிட்டர்லைட். கூகுளின் இணைய நோட்புக் சேவையான கோலாப்பில் கணக்கைச் செய்வது தூரத்துச் சர்வர். இணையம் அறுந்தால் வேலையும் அறுந்துவிடும். ஜுபிட்டர்லைட்டில் கணக்கைச் செய்வது மாணவருக்கு முன்னால் இருக்கும் கணினியேதான், சர்வர் கோப்புகளை எடுத்துக் கொடுப்பதோடு சரி. அதனால்தான் இணையமே இல்லாமலும் இதை ஓட்ட முடிகிறது.

ஒரு நூலகம் இதில் கிடைக்குமா என்பதைத் தீர்மானிப்பது அது எந்த மொழியில் எழுதப்பட்டது என்பது. முழுக்கப் பைதனிலேயே எழுதப்பட்டதென்றால் பெரும்பாலும் அப்படியே வேலை செய்யும், மைக்ரோபிப் என்ற கருவி அதை இறக்கித் தரும். சி, சி பிளஸ் பிளஸ் கலந்திருந்தால் யாராவது அதை வெப் அசெம்பிளிக்கு மாற்றிக் கொடுத்திருக்க வேண்டும். ஃபோர்ட்ரான் என்ற பழைய மொழி கலந்திருந்தால் பாடு இன்னும் பெரிது. ஸைபைக்குள் பழைய ஃபோர்ட்ரான் நிரல்கள் ஏராளம். வெப் அசெம்பிளிக்குப் பொருத்தமான ஃபோர்ட்ரான் கம்பைலர் அப்போது இல்லாததால், அவற்றைச் சி மொழிக்கு மாற்றும் ஒரு பழைய கருவியால் மாற்றி, கையால் ஒட்டுப்போட்டுத்தான் ஸைபையை உலாவிக்குள் கொண்டுவந்தார்கள். இப்படிப்பட்ட உழைப்பு எல்லா நூலகத்துக்கும் நடக்கவில்லை. இயந்திரக் கற்றலுக்கான பைடோர்ச்சும் டென்சர்ஃப்ளோவும் வேண்டுமென்றால் இந்த வழி உங்களுக்கு ஆகாது. மழைத் தரவுக்குத் தேவையான அனைத்தும் இருக்கின்றன.

இனி இறங்கும் அளவு. ஜுபிட்டர்லைட் முகப்பு, பைதன் இயக்கி, நம்பை, பாண்டாஸ், மெட்பிளாட்லிப் எல்லாம் சேர்த்து முதல் தடவை ஒரு கணினிக்கு 30 முதல் 50 மெகாபைட் வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். பதிப்புக்குப் பதிப்பு இது மாறும், ஆனால் கணக்குப் போட இது போதும். 20 கணினி என்றால் 1 ஜிகாபைட் வரை. உங்கள் இணைப்பு உண்மையில் 10 எம்பிபிஎஸ் தந்தால் விநாடிக்கு 1.25 மெகாபைட், ஆக 800 விநாடி, பதின்மூன்று நிமிடத்துக்கு மேல். 40 நிமிடப் பாடவேளையில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். அடுத்த தடவை உலாவியின் கேஷிலிருந்து (தற்காலிகச் சேமிப்பிலிருந்து) வரும் என்பார்கள். அது உண்மைதான். ஆனால் பல ஆய்வுகூடங்களில் கணினியை ரீஸ்டார்ட் செய்தால் எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பும்படி ஒரு மென்பொருள் போட்டிருப்பார்கள். அப்படியிருந்தால் ஒவ்வொரு நாளும் முதல் தடவைதான். உங்கள் ஆய்வுகூடத்தில் அது இருக்கிறதா என்று இன்றே பார்த்துவிடுங்கள். டெஸ்க்டாப்பில் ஒரு வெற்றுக் கோப்பை வைத்து, ரீஸ்டார்ட் செய்த பின் அது இருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

ஆகவே நான் சொல்வது: மாணவர் வீட்டில் பார்ப்பதற்கு ஒரு பிரதியை இணையத்தில் வையுங்கள், வகுப்புக்கு இன்னொரு பிரதியைக் கணினிகளிலேயே வையுங்கள். இணையப் பிரதிக்கு, இணையப் பக்கங்களை வைக்க இடம் தரும் கிட்ஹப் பேஜஸ் இலவசம். ஜுபிட்டர்லைட் குழுவினர் அங்கே ஒரு மாதிரிக் களஞ்சியம் வைத்திருக்கிறார்கள். அதை உங்கள் கணக்குக்குப் பிரதியெடுத்து, கன்டென்ட் கோப்புறைக்குள் உங்கள் நோட்புக்கையும் மழைத் தரவுக் கோப்பையும் போட்டு, பேஜஸ் அமைப்பில் கிட்ஹப் ஆக்ஷன்ஸ் என்பதைத் தெரிவுசெய்தால், சில நிமிடங்களில் முகவரி தயாராகிவிடும்.

இணையமில்லாப் பிரதியை வீட்டு மடிக்கணினியில் கட்டிக்கொண்டு வர வேண்டும். அதில் பைதன் இருக்க வேண்டும். பைதனோடு வரும் நிறுவல் கருவியான பிப் மூலம் மூன்று பொதிகளைப் போடுங்கள்: ஜுபிட்டர்லைட் கோர், ஜுபிட்டர்லைட் பயோடைட் கேர்னல், ஜுபிட்டர் சர்வர். மூன்றாவதைப் பலரும் விட்டுவிடுவார்கள். அது இல்லாவிட்டால் முகப்பு அழகாகத் திறக்கும், ஆனால் இடப்பக்கக் கோப்புப் பட்டியல் வெறுமையாக இருக்கும், ஏனென்றால் உள்ளடக்கத்தைப் பட்டியலிடுவது அதுதான். பிறகு ‘ஜுபிட்டர் லைட் பில்ட்’ கட்டளையை ஓட்டும்போது இரண்டு தெரிவுகளைக் கொடுங்கள்: கன்டென்ட்ஸ் தெரிவில் உங்கள் கோப்புறை, பயோடைட் தெரிவில் முன்கூட்டியே இறக்கிவைத்த பயோடைட் முழுப் பொதியின் இடம். இந்த இரண்டாவது தெரிவுதான் உயிர்நாடி. அதைக் கொடுக்காமல் கட்டினால் முகப்பு உங்கள் கணினியிலிருந்து வரும், பைதனோ இணையத்தில் ஒரு பொதுச் சேமிப்பிடத்திலிருந்து வரும். வீட்டில் சோதித்தால் எல்லாம் ஓடும், பாடசாலையில் கேர்னல் (நிரலை ஓட்டும் பகுதி) சுற்றிக்கொண்டே நிற்கும். பயோடைட்டின் பதிப்பும் கேர்னல் பொதி எதிர்பார்க்கும் பதிப்பும் ஒன்றாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் இறக்குமதிப் பிழைகள் வரும். முழுப் பொதி சில நூறு மெகாபைட். தேவையில்லாத நூலகங்களை அழித்து அதைச் சுருக்கப் பார்க்காதீர்கள். மெட்பிளாட்லிப் ஒன்றே பத்துக்கு மேற்பட்ட சிறு நூலகங்களை இழுத்துக்கொண்டு வரும், ஒன்று விடுபட்டாலும் நின்றுவிடும்.

இப்போது எல்லோருக்கும் தோன்றும் யோசனை, ஆசிரியர் மேசைக் கணினியில் ஒரு சர்வரை ஓட்டி, மற்ற 19 கணினிகளும் 192.168 என்று தொடங்கும் முகவரியால் அதைத் திறப்பது. முகப்பு வரும், பைதனும் வரும், இரண்டும் இரண்டும் நான்கு என்றும் சொல்லும். தரவுக் கோப்பைத் திறக்கச் சொன்னவுடன், அந்தக் கோப்பு இடப்பக்கப் பட்டியலில் கண் முன்னால் இருக்கும்போதே, ‘கோப்பு இல்லை’ என்ற பிழை வரும். காரணம் இதுதான்: பட்டியலில் இருக்கும் கோப்புகளைப் பைதனுக்கு எட்டச் செய்வது சேர்விஸ் வேர்க்கர் என்ற உலாவி வசதி. பாதுகாப்பான முகவரிகளில் மட்டுமே உலாவிகள் அதை அனுமதிக்கும். எச்டிடிபிஎஸ் முகவரி பாதுகாப்பானது, அந்தந்தக் கணினி தன்னையே குறிக்கும் லோக்கல்ஹோஸ்ட் முகவரியும் (127.0.0.1) பாதுகாப்பானது. 192.168 என்ற வெறும் எச்டிடிபி முகவரி அப்படியல்ல. தானே ஒப்பமிட்ட சான்றிதழ் போட்டு, எச்சரிக்கையைத் தாண்டி உள்ளே போனாலும் குரோம் சேர்விஸ் வேர்க்கரை ஏற்காது. குரோமின் ஃப்ளாக்ஸ் பக்கத்தில் ஒரு முகவரியைப் பாதுகாப்பானதாக நடத்தும்படி சொல்லும் அமைப்பு ஒன்று உண்டு. அதை ஒவ்வொரு கணினியிலும் போட வேண்டும், சோதனைக்கு மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள்.

நோட்புக் முகப்பு வேண்டாம், ஒரு எழுதும் பெட்டியும் ஓட்டும் பொத்தானும் உள்ள சாதாரணப் பக்கம் போதும் என்றால், பயோடைட்டை நேரடியாக அழைக்கும் பக்கம் ஒன்றை எழுதலாம். அதற்குச் சேர்விஸ் வேர்க்கர் தேவையில்லை, ஆசிரியர் கணினிச் சர்வர் வழியே ஓடும். ஆனால் நோட்புக்கை விட்டுக்கொடுப்பது பெரிய இழப்பு. உரையும் நிரலும் வரைபும் ஒரே தாளில் இருப்பது ஆய்வு வேலைக்கு மிக உதவி.

ஆகவே கட்டிய கோப்புறையைப் பென்ட்ரைவில் கொண்டுபோய் ஒவ்வொரு கணினியின் டி டிரைவிலும் பிரதிசெய்யுங்கள். கோப்பை இரட்டைச் சொடுக்கில் திறந்தால் ஓடாது, ஒரு சிறு சர்வர் வேண்டும். பைதன் தளத்தில் விண்டோஸுக்கான எம்பெடபிள் பொதி என்று சுமார் 10 மெகாபைட்டில் ஒன்று உண்டு, சிப்பை விரித்தால் போதும், நிறுவத் தேவையில்லை. அதிலுள்ள எச்டிடிபி சர்வரைத் தொடங்கும் ஒரு பேட்ச் கோப்பை (சொடுக்கினால் கட்டளைகளை ஓட்டும் கோப்பு) டெஸ்க்டாப்பில் வையுங்கள். அந்தக் கட்டளையில் பைண்ட் தெரிவுக்கு 127.0.0.1 என்று கொடுக்க மறக்காதீர்கள். கொடுக்காவிட்டால் சர்வர் எல்லா வலையமைப்புக்கும் திறக்கப் பார்க்கும், விண்டோஸ் ஃபயர்வோல் நிர்வாகிக் கடவுச்சொல் கேட்டு நிற்கும். வெற்றுப் பக்கம் வந்து, உலாவியின் கொன்சோலில் (எஃப்12ஐ அழுத்தினால் வரும் பிழைப் பட்டியல்) ஸ்கிரிப்டின் வகை தவறு என்ற பிழை இருந்தால், அந்தக் கணினியின் ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸின் அமைப்புப் பதிவேடு) ஜாவாஸ்கிரிப்ட் கோப்புகள் வெறும் உரை என்று பதிவாகியிருக்கிறது என்று அர்த்தம். பைதன் சர்வர் விண்டோஸில் அந்தப் பதிவைத்தான் பார்க்கிறது.

‘இவ்வளவு செய்தால் நேரே பைதனையே போட்டுவிடலாமே’ என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. நிர்வாகிக் கடவுச்சொல் கிடைக்குமென்றால் பைதனை முறையாக நிறுவுவதே மேல். வேகமும் கூட, தலையிடியும் குறைவு. கிடைக்காத இடத்தில் உலாவி வழிக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு: வகுப்பில் பார்த்த அதே நோட்புக்கை மாணவர் வீட்டிலோ கிண்ணியா நூலகக் கணினியிலோ அதே வடிவில் திறக்கலாம்.

அடுத்தது சேமிப்பு. இதைத் தயவுசெய்து கவனமாக வாசியுங்கள், மாணவரின் உழைப்பு தொலைவது இங்கேதான். ஜுபிட்டர்லைட்டில் சேவ் செய்தால் கோப்பு உலாவிக்குள் இருக்கும் இண்டெக்ஸ்ட்டிபி என்ற களஞ்சியத்தில்தான் போய்ச் சேரும். டி டிரைவில் தேடினால் இருக்காது. உலாவித் தரவை யாராவது அழித்தால் அதுவும் போய்விடும். மறைநிலை ஜன்னலில் செய்த வேலை ஜன்னலை மூடினதும் போய்விடும். ஐபோனில் சஃபாரியின் வழியாகச் செய்தால், அந்தத் தளத்தை 7 நாள் தொடாமல் விட்டால் சஃபாரியே அழித்துவிடலாம். அந்தக் களஞ்சியம் முகவரியோடு ஒட்டியது: லோக்கல்ஹோஸ்ட் 8000 என்று திறந்து செய்த வேலை, 127.0.0.1 என்று திறந்தால் தெரியாது, போர்ட் எண் மாறினாலும் தெரியாது. உலாவிக்கு அவை வேறு வேறு வீடுகள். அதனால் பேட்ச் கோப்பே எப்போதும் ஒரே முகவரியைத் திறக்கட்டும். இன்னொன்று: நீங்கள் நோட்புக்கில் பிழை திருத்திப் புதிதாக வைத்தாலும், பழையதில் ஒரு எழுத்தையாவது மாற்றிச் சேவ் செய்த மாணவருக்குப் பழையதே தெரியும். அவர் தன் பிரதியை அழித்தால்தான் உங்கள் புதியது வெளியே வரும். புதியதற்கு வேறு பெயர் கொடுப்பது சிக்கலில்லாத வழி. பாடவேளையின் கடைசி ஐந்து நிமிடத்தில் எல்லோரும் நோட்புக்கை டவுன்லோட் செய்து தங்கள் பென்ட்ரைவில் போட வேண்டும் என்பதைக் கட்டாயமாக்குங்கள். இடையில் கரண்ட் போனால், தானியங்கிச் சேமிப்பு இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை என்பதால் எழுதியதில் பெரும்பகுதி இருக்கும். மாறிகளின் பெறுமானங்கள் இருக்காது, மேலிருந்து மறுபடி ஓட்ட வேண்டும்.

வேகத்தைப் பற்றி: சாதாரணப் பைதன் சுற்றுகள், நேரே நிறுவிய பைதனைவிட ஏறத்தாழ 3 முதல் 5 மடங்கு மெதுவாக ஓடும். நம்பை, பாண்டாஸின் உள்வேலைகள் சி மொழியிலிருந்து வந்தவை என்பதால் அவ்வளவு பின்தங்காது. 30 வருட நாளாந்தத் தரவு என்றால் 10,957 வரிசை அளவுதான். அட்டவணையின் ஒரு நெடுவரிசை 90 கிலோபைட்கூட வராது, மாணவர் காத்திருக்க வேண்டியிராது. காத்திருப்பு முழுக்க முதல் இறக்குமதியில்தான். பாண்டாஸையும் மெட்பிளாட்லிப்பையும் கேட்கும் முதல் வரி, பழைய கணினியில் அரை நிமிடம் எடுத்தாலும் பதறாதீர்கள். நினைவகத்தில் ஒரு எல்லை உறுதியாகச் சொல்லலாம்: இது 32 பிட் முகவரிகளில் ஓடுவதால் 4 ஜிகாபைட்டுக்கு மேல் எந்தக் காலத்திலும் போக முடியாது. உங்கள் கணினிகளில் மொத்தமே 4 ஜிபி என்பதால் நடைமுறை எல்லை அதைவிட வெகு கீழே. ஒருமுறை விரிந்த நினைவகம் மாறிகளை அழித்தாலும் சுருங்காது, டாபை மூடினால்தான் திரும்பக் கிடைக்கும். ஆகவே யூடியூப் டாப் ஒன்றும் திறந்திருக்கக் கூடாது. முடிவில்லாச் சுற்று ஒன்றை மாணவர் எழுதிவிட்டால், நிறுத்தும் பொத்தானை நம்பாமல் கேர்னலை ரீஸ்டார்ட் செய்யப் பழக்குங்கள்.

அந்த 32 பிட் இன்னொரு இடத்தில் சத்தமில்லாமல் தவறான விடை தரும். கந்தளாய்ப் பக்கத்தில் 10 சதுர கிலோமீட்டர் நிலத்தில் 300 மில்லிமீட்டர் மழை பெய்தால் எத்தனை லீட்டர் என்று கணக்குக் கொடுக்கிறீர்கள். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் என்றால் ஒரு லீட்டர். ஆக ஒரு கோடியை 300ஆல் பெருக்க வேண்டும், விடை 300 கோடி. மாணவர் 300 என்ற முழு எண்ணை நம்பை அணியில் போட்டு ஒரு கோடியால் பெருக்கினால் திரையில் வருவது மறை எண்: -1294967296. உலாவிக்குள் நம்பையின் இயல்பான முழு எண் 32 பிட். அதன் உச்சம் 2147483647. அதைத் தாண்டினால் எச்சரிக்கையே இல்லாமல் சுற்றிக்கொண்டு மறுபக்கம் வரும். சாதாரண 64 பிட் கணினியில் இன்று நிறுவும் பைதனில் இதே வரி சரியான விடை தரும் என்பதால், வீட்டில் சோதித்தால் உங்களுக்குத் தெரியவே தெரியாது. அணியை உருவாக்கும்போதே இன்ட்64 அல்லது ஃப்ளோட்64 என்று வகையைச் சொல்லிவிடுங்கள். பாண்டாஸ் சிஎஸ்வி கோப்பிலிருந்து வாசிக்கும் முழு எண்கள் 64 பிட்டாகவே வரும், தசமம் உள்ள எண்களுக்கும் இந்தப் பயம் இல்லை.

தரவுக் கோப்பை எப்போதும் நோட்புக்கோடு ஒரே கோப்புறையில் வையுங்கள். வேறு தளத்து முகவரியைக் கொடுத்து நேரே வாசிக்கச் சொன்னால், அந்தத் தளம் வெளிப்படையாக அனுமதி தந்திருந்தாலன்றி உலாவி தடுத்துவிடும். எக்செல்லில் சேமிக்கும்போது யூடிஎஃப் 8 சிஎஸ்வி என்பதைத் தெரிவுசெய்யுங்கள். இடப்பெயர்கள் பாமினி எழுத்துருவில் தட்டப்பட்டிருந்தால் பைதனில் வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகத்தான் தெரியும், முதலில் யூனிகோட்டுக்கு மாற்ற வேண்டும். பாட விடயத்தில் ஒரு சொல்: நாட்காட்டி வருடத்தால் கூட்டினால் வடகீழ்ப் பருவமழை நடுவில் வெட்டுப்பட்டு, நவம்பர் டிசம்பர் ஒரு வருடத்திலும் ஜனவரி அடுத்ததிலும் போய் விழும். நம் பகுதிக்கு அக்டோபர் முதல் செப்டம்பர் வரை ஒரு வருடம் என்று எடுத்துக் கூட்டுவது பொருத்தம்.

வரைபில் தமிழ் எழுதினால் கட்டங்கட்டமாக வரும். மெட்பிளாட்லிப்போடு வரும் எழுத்துருவில் தமிழ் இல்லை. நோட்டோ சான்ஸ் தமிழ் கோப்பை நோட்புக்கோடு வைத்துச் சேர்த்தால் எழுத்து வரும், ஆனால் ‘கொட்டியாரம்’ என்று எழுதினால் கொம்பும் காலும் தத்தம் இடத்தில் நில்லாமல் சிதறும். இன்று பரவலாக உள்ள பதிப்புகள் எழுத்துகளைக் கோத்து ஒழுங்குபடுத்துவதில்லை. இதற்கு இரண்டு வழி நல்லவை. வரைபை எஸ்விஜி வடிவில் எடுத்து, எழுத்தை உருவமாக்காமல் எழுத்தாகவே விடும்படி அமைத்தால், கோப்பதை உலாவியே சரியாகச் செய்யும். அல்லது பிளாட்லி நூலகத்தில் வரையலாம். அதில் வரைவதே உலாவிதான். அதன் வீல் கோப்பை (நூலகம் பொதியாக வரும் கோப்பு), கட்டும்போது பிப்லைட் வீல்ஸ் என்ற தெரிவின் வழியே உள்ளே சேர்த்துக்கொள்ள வேண்டும்.

புள்ளியியலுக்கான ஆர் மொழி பழகியவர்களுக்கு வெப்ஆர் என்று இதே போன்ற ஒன்று உண்டு, 2023இல் முதற் பதிப்பு வந்தது. வெறும் இஃப், ஃபார் பயிற்சிக்கு மட்டும் என்றால் பயோடைட்டே அதிகம், ஒரு மெகாபைட்டுக்குள் இறங்கும் மைக்ரோபைதன் என்ற சிறு பைதன் போதும். அதில் நம்பை கிடையாது.

உங்கள் கணினிகளில் எவ்வளவு நேரம் எடுக்கும் என்பதை இங்கிருந்து சொல்வது ஊகமாகிவிடும். இருபதிலும் பழைய ஒன்றைத் தெரிந்தெடுங்கள். உலாவியின் பதிப்பைப் பாருங்கள். நீங்கள் சொன்னதற்கு மாறாக விண்டோஸ் 7 ஏதாவது மிச்சமிருந்தால் அதில் குரோம் 109உடன் நின்றுவிடும், புதிய பயோடைட் அதில் ஓடாமற் போகலாம், பழைய பதிப்பால் கட்ட வேண்டியிருக்கும். பிறகு வலையமைப்புக் கேபிளைக் கழற்றிவிட்டு, கேஷை அழித்துவிட்டு, பேட்ச் கோப்பைச் சொடுக்கி, பாண்டாஸை இறக்குமதிசெய்து, மழைக் கோப்பை வாசித்து, ஒரு வரைபு வரையும் வரை கடிகாரத்தைப் பாருங்கள். இரண்டு நிமிடத்துக்குள் வந்தால் மற்ற 19இலும் பிரதிசெய்யத் தொடங்கலாம். எங்காவது நின்றால் எஃப்12ஐ அழுத்தி நெட்வேர்க் பகுதியில் சிவப்பாக நிற்கும் முதல் வரியைப் பாருங்கள். அங்கே லோக்கல்ஹோஸ்ட் அல்லாத முகவரி இருந்தால், கட்டும்போது பயோடைட் தெரிவு விடுபட்டிருக்கிறது.